சேசு சபையும் ஃபீஸ் ரசீதும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் படித்தவன். இப்போது வள்ளியூரில் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபரில், உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் பல்கலைக்கழகமாக மாறலாம் என்று தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதா வந்தபோது எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. நம் கல்லூரியையும் பல்கலைக்கழகமாக ஆக்கிவிட வேண்டும், கல்லூரியை நடத்துகிற கத்தோலிக்கத் துறவற சபையான சேசு சபை கொல்கத்தாவில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியிருக்கிறதே என்று பாதிப் பேர். சாமியார்களே குறைந்துவிட்டார்கள், இனி சபைக்கு எதற்குக் கல்லூரி என்று மீதிப் பேர். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் வருவது பெருமைதானே? துறவற சபை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு இனிமேல் எதிர்காலம் உண்டா? என் பையன் பிளஸ் டூ முடிக்கிறான். அவனை அங்கேயே சேர்க்கலாமா, இல்லை கோயம்புத்தூர்ப் பக்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதிலாவது சேர்க்கலாமா என்ற குழப்பத்தில் இருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

ஆக்ஸ்போர்டை முதலில் விட்டுத்தள்ளுங்கள். பாளையங்கோட்டைக்காரர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் மூணாவது வாக்கியத்தில் அது வந்துவிடுகிறது. ஆக்ஸ்போர்டுக்காரன் எவனும் தன் ஊரை இங்கிலாந்தின் பாளையங்கோட்டை என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றால், அபிஷேகப்பட்டியில் 1990 முதல் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில் ஒன்று இருக்கிறது. உங்கள் குழுவில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

சாமியார்கள் குறைந்தது உண்மை. 1965-ல் உலகம் முழுக்கச் சேசு சபையினர் சுமார் 36,000 பேர். இன்று ஏறத்தாழ 14,000. அதனால் என்ன? அமெரிக்காவில் சபையின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்போது தலைவர் நாற்காலியில் இருப்பவர்கள் அங்கி போடாதவர்கள்தான். நிர்வாகம் நடக்கத்தான் செய்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு ஆர்வமில்லை.

உங்கள் கடிதம் என்னைக் குத்தியது வேறு இடத்தில். சண்டையை முழுக்க விவரித்திருக்கிறீர்கள். அதில் ஃபீஸ் என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1551-ல் ரோமில் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். இன்றைய கிரெகோரியன் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அது. வாசலில் ஒரு பலகை: இலக்கணம், இலக்கியம், கிறிஸ்தவ போதனை கற்பிக்கும் பள்ளி, இலவசம். பேச்சுக்குப் போட்டதில்லை, சபையின் சட்டமே அதுதான். கல்லூரி திறக்க வேண்டுமென்றால் யாராவது நிலமோ முதலோ எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகளிடம் காசு வாங்கக் கூடாது. 'கொடையாகப் பெற்றீர்கள், கொடையாகவே வழங்குங்கள்' என்ற மத்தேயு வசனத்தை அவர்கள் கணக்குப் புத்தகத்திலும் எழுதி வைத்தார்கள்.

அமெரிக்காவில் அது தாங்கவில்லை. ஃபீஸ் வாங்கிக்கொள்ள 1833-ல் ரோமிடம் விலக்கு வாங்கினார்கள். வாங்கியும் கடன் தீரவில்லை. 1838-ல் மேரிலாந்து சேசு சபையினர் தங்கள் தோட்டங்களில் இருந்த 272 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி சபை நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. இன்றைக்கு உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் அது. இலவசம் என்று பலகை வைத்த அதே சபைதான் தம்பி. பல்கலைக்கழகத்தின் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்று கேட்காமல் அதன் எதிர்காலத்தைப் பேசுவது வெட்டிப் பேச்சு.

நம் ஊரில் கதை வேறு மாதிரி போனது. 1923-ல் சவேரியார் கல்லூரி வந்தது. பின்னால் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது. உதவிபெறும் கல்லூரி என்கிறோமே, அதன் மொத்தப் பொருளும் அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது. சாத்தான்குளம், உவரி, திசையன்விளைப் பிள்ளைகள் பட்டம் வாங்கியது அதனால்தான். சபையின் கருணை மட்டும் அதைச் செய்யவில்லை.

ஆனால் கருணையும் இருந்தது. என் அறைத்தோழனின் அப்பா பனையேறி. கருப்பட்டி விற்றால்தான் வீட்டில் காசு. பரீட்சை ஃபீஸ் கட்டச் சொல்வதோ பனை ஓய்ந்து கிடக்கிற மாதத்தில். ஒரு தடவை அவன் கடைசி நாள் வரைக்கும் கட்டாமல் திரிந்தான். விடுதிப் பொறுப்பில் இருந்த ஃபாதர் அவனைக் கூப்பிட்டு நூலகத்தில் உட்கார வைத்து, புத்தக அட்டைகளைப் புதிதாக எழுதச் சொன்னார். சாயங்காலம் வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். "என்னடே எழுத்து இது, கோழி கிண்டுன மாதிரி" என்று நாலு அட்டையைத் திருப்பிக் கொடுப்பார். கொடுக்கிற கையைப் பார்த்திருக்கிறேன், வெள்ளை அங்கியின் மணிக்கட்டு ஓரத்தை நீல நூலால் தைத்திருப்பார். வேலை முடிந்த அன்று ஃபீஸ் ரசீதையே மேஜையில் வைத்தார், கட்டியாயிற்று. 'இனாம்' என்றால் அவன் வாங்க மாட்டான் என்று அந்த மனிதருக்குத் தெரியும்.

இதைக் கண்ணீர் விட எழுதவில்லை. ஒரு ஃபாதர் மேஜையில் வைத்துச் சமாளிக்கிற அளவுக்கு அந்த ஃபீஸ் சின்னதாக இருந்தது. இன்று சுயநிதிப் பிரிவு ஃபீஸை எந்த ஃபாதரால் அப்படிக் கட்ட முடியும்? ஒரே வளாகம், ஒரே மணி. அரசு சம்பளம் கொடுக்கிற ஷிஃப்ட் ஒன்றில் ஒரு கட்டணம், சுயநிதியான ஷிஃப்ட் இரண்டில் வேறு கட்டணம். உதவிபெறும் கல்லூரி தனியார் பல்கலைக்கழகமாக மாறலாம் என்று அந்த மசோதா சொன்னபோது, ஷிஃப்ட் ஒன்றும் போய்விடுமே என்று ஆசிரியர்கள் பயந்தார்கள். நியாயமான பயம். எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெறுகிறோம் என்று அரசு சொன்னது, நல்லது. உங்கள் குழுவில் பெருமை பேசியவர்கள் எல்லாம் ஷிஃப்ட் ஒன்றில் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்க எப்படி மனசு வருகிறது?

வடக்கன்குளம் உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து நின்ற கோயிலை, கால்சட்டைக் கோயில் என்று சொல்வார்களே, கட்டியது சேசு சபைச் சாமியார்கள். நடுச்சுவரை இடித்ததும் அதே சபைச் சாமியார்தான், கௌசானல். வழக்கு நடந்தது, பகை வந்தது, சுவர் திரும்ப எழவில்லை. ஃபீஸும் ஒரு சுவர்தான். இடிக்கிற தெம்பு இன்னும் இருக்கிறதா என்றுதான் நான் சபையைக் கேட்பேன்.

அப்புறம், பல்கலைக்கழகம் என்ற பெயர் இல்லாமலேயே அந்தக் கல்லூரி ஒரு பெரிய காரியம் செய்தது. நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித் துறையும் ஆய்வு மையமும் வைத்தது. கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தும் கல்லூரியில் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் சுடலைமாடன் கதையையும் பாடமாகப் படித்தார்கள். அதைப் படித்து எவனும் சென்னையில் ஐ.டி. கம்பெனிக்குப் போக முடியாது. லாபக் கணக்குப் பார்க்கிற எந்தப் பல்கலைக்கழகமும் அதைத் தொடாது. சபைக்கு எதிர்காலம் இருந்தால் இந்த மாதிரி வேலையில்தான் இருக்கிறது.

பையன் விஷயம். கோயம்புத்தூருக்குக் கொடுக்க வைத்திருக்கிற பணத்தை வங்கியில் போடுங்கள். பாளையங்கோட்டையில் ஷிஃப்ட் ஒன்றில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். அதுசரி, இவ்வளவு நீளக் கடிதத்தில் அவன் என்ன படிக்க ஆசைப்படுகிறான் என்று ஒரு வரி இல்லையே. அவனிடம் கேட்டீர்களா?