தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் மோப்ப நரம்புகளுக்கு என்ன ஆகிறது?

தண்ணீருக்குள் முகர்ந்து வளர்ந்த தலைப்பிரட்டை தவளையானதும் காற்றில் எப்படி முகர்கிறது, மூளைக்குப் போகும் நரம்புகள் பழையவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்பட்ட செனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையை வைத்துச் சொல்கிறேன். அதில் பெரும்பாலானவை புதியவை. ஆனால் என்னை அதிகம் வியக்க வைப்பது உருமாற்றம் அல்ல, அதற்கு வெகுமுன்பே கருவில் நடப்பது.

கண்ணின் விழித்திரை மூளையிலிருந்தே புடைத்து வெளியே வரும் ஒரு பகுதி. மூக்கு அப்படியில்லை. கருவின் தலை முன்பக்கத்தில், மூளைக்கு வெளியே, மேல்தோல் இரண்டு இடங்களில் தடித்து மோப்பத் தகடுகளாகிறது. அந்தத் தகட்டில் பிறக்கும் நரம்பு செல்கள் ஆக்ஸான் எனும் மெல்லிய இழைகளை நீட்டி, தாமே மூளையைத் தேடிப் போய்த் தொடுகின்றன. தொட்ட இடத்தில்தான் நுகர்வுக் குமிழ் உருவாகிறது. மூக்கின் செய்தி மூளையில் முதலில் வந்து சேரும் இடம் அது.

ஸ்டௌட், கிராட்சியாடேய் என்ற இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. செனோபஸ் கருவில் மோப்பத் தகட்டை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் நுகர்வுக் குமிழ் வளரவில்லை. மூளை முதலில் இடத்தைத் தயார் செய்துவைக்கும், நரம்பு வந்து பொருந்திக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைப்போம். இங்கே நரம்பு வராவிட்டால் இடமே இல்லை! உணர்வுறுப்பு மூளையைக் கட்டுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

இந்தப் பாதை சீக்கிரமே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. வட அமெரிக்கக் காட்டுத் தவளையின் (wood frog) முட்டைகளை வைத்து 2008இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆபத்தைக் காட்டும் நசுக்கப்பட்ட தலைப்பிரட்டையின் வாடையையும், தலைப்பிரட்டைகளைத் தின்னும் பல்லி போன்ற சாலமாண்டரின் வாடையையும் முட்டைகளுக்குச் சேர்த்துக் காட்டினார்கள். பொரிந்து வந்த குஞ்சுகள் பிறகு சாலமாண்டரின் வாடை பட்டாலே அசைவைக் குறைத்துக்கொண்டன. முட்டைக்குள் இருக்கும்போதே எதிரியைக் கற்றுவிட்டன!

இனி உங்கள் கேள்வி. செனோபஸ் தலைப்பிரட்டைக்கு மூக்கில் இரண்டு பகுதிகள்: முதன்மை அறை, வோமெரோநேசல் உறுப்பு என்ற தனி துணை மோப்ப உறுப்பு. முதன்மை அறை அப்போது தண்ணீரில் கரைந்த அமினோ அமிலம் போன்ற பொருட்களை முகர்கிறது. தைராய்டு ஹார்மோன் பெருகி உருமாற்றம் தொடங்கியதும் நடு அறை என்ற மூன்றாவது பகுதி புதிதாக உருவாகிறது. தண்ணீரில் முகரும் வேலையை அது எடுத்துக்கொள்ள, பழைய முதன்மை அறை காற்று மூக்காக மாற்றிக் கட்டப்படுகிறது. வளர்ந்த செனோபஸ் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீரிலேயே கழிப்பதால் அதற்கு இரண்டும் வேண்டும். எந்த அறைக்குள் நீர் போகலாம், எதற்குள் காற்று போகலாம் என்பதை மூக்கிலுள்ள ஒரு தசை மடிப்பு தீர்மானிக்கிறது. எல்லாத் தவளைகளுக்கும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையில் அதிகம் வாழும் பல இனங்களில் நடு அறை முகரும் உறுப்பே அல்ல.

மூளையிலும் இடம் மாறுகிறது. தலைப்பிரட்டையின் முதன்மை அறையிலிருந்து நுகர்வுக் குமிழின் அடிப்பகுதிக்குப் போய்க்கொண்டிருந்த செல்கள் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. அந்த அடிப்பகுதிக்கு இப்போது நடு அறையின் இழைகள் வருகின்றன. காற்று மூக்கின் புதிய செல்கள் குமிழின் மேற்பகுதிக்குப் போகின்றன. ஆக, நீருக்கு ஒரு வட்டாரம், காற்றுக்கு ஒரு வட்டாரம். வோமெரோநேசல் இழைகள் எப்போதும்போல நுகர்வுக் குமிழை ஒட்டிய துணைக் குமிழுக்கே போகின்றன.

வாசனைப் பொருட்களைப் பிடித்து உணரும், செல்களில் உள்ள ஏற்பிப் புரதங்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. 1995இல் வெளியான ஆய்வின்படி செனோபஸிடம் இரண்டு வகை ஏற்பிகள் உண்டு: மீன்களுடையதைப் போன்றவை நீர் அறையில், பாலூட்டிகளுடையதைப் போன்றவை காற்று அறையில். ஒரே தலைக்குள் மீன் மூக்கும் பாலூட்டி மூக்கும் பக்கத்துப் பக்கத்தில்!

இவ்வளவு பெரிய மாற்றம் எப்படிச் சாத்தியம் என்றால், மோப்ப நரம்பு செல்கள் இயல்பிலேயே நிரந்தரமானவை அல்ல. மூக்கின் உட்தோலில் அடியில் இருக்கும் குருத்தணுக்கள் வாழ்நாள் முழுக்கப் புதிய நரம்பு செல்களைத் தந்துகொண்டே இருக்கின்றன. நரம்பை வெட்டினாலும் புதிய இழைகள் மூளையை மீண்டும் தேடிப் போகின்றன. உருமாற்றம் அந்த வழக்கமான புதுப்பித்தலையே ஒரேயடியாகப் பெரிய அளவில் நடத்துகிறது என்று சொல்லலாம்.

ஒரு துணைத் தகவல்: மோப்ப இழைகள் போட்ட பாதையில் இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டும் நரம்பு செல்களும் மூக்குப் பகுதியிலிருந்து மூளைக்குள் நடந்து போகின்றன. மனிதர்களிலும் அப்படித்தான். அந்தப் பயணம் தடைபட்டால் வாசனையும் தெரியாது, பருவமடைதலும் தானாக நடக்காது. மருத்துவர்கள் இதை கால்மன் நோய்க்குறி என்கிறார்கள்.