பழைய சீ-டூவும் உடைந்த கண்ணாடியும்

அன்புள்ள ஐயா,

ஒன்டாரியோவின் சிம்கோ ஏரியில் பழைய சீ-டூ ஜெட் ஸ்கீயை (தண்ணீரில் ஓடும் மோட்டார் வண்டியை) ஓட்டுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன். போன அக்டோபரில் 2001 மாடல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மூன்று பேர் உட்காரலாம். இந்த ஏப்ரலில் தார்ப்பாயை விலக்கினால் பின்னால் வருவதைக் காட்டும் வலப்பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. மேலே குவிந்த பனி அழுத்தியிருக்க வேண்டும். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு நன்றாகத்தான் இருக்கிறது. பழைய பாகம் விற்பவர் கூட்டோடு, இடம் வலம் ஜோடியாகத்தான் தருவாராம். நண்பரோ இரண்டையும் கழற்றி எறி என்கிறார். என் இரண்டு பிள்ளைகளையும் காற்றடைத்த டியூபில் உட்காரவைத்து இழுக்கத்தான் வண்டியே வாங்கினேன். கண்ணாடி இருந்தால் பின்னால் பார்க்கத் தனியாக ஆள் வேண்டாம் என்று இணையத்தில் படித்தேன். சரிதானா?

க., ஸ்காபரோ

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரியில்லை. நீங்கள் படித்தது அமெரிக்கக் கதையாக இருக்கும். ஃப்ளோரிடாவில் இழுபடுபவரைக் கவனிக்க வண்டியில் இன்னோர் ஆள் இருக்க வேண்டும், அல்லது அகலமாகக் காட்டும் கண்ணாடி இருக்க வேண்டும். கனடாவில் அந்த ‘அல்லது’ கிடையாது. கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்க்க ஆள் வேண்டும். அதோடு, இழுபடும் ஒவ்வொருவருக்கும் வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும், விழுந்தால் ஏற்றிக்கொள்ள. ஜெட் ஸ்கீயில் இழுப்பதென்றால் அது மூன்று பேராவது உட்காரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். கூட்டிப் பாருங்கள்: ஓட்டுகிற நீங்கள், பார்க்கிறவர், டியூபில் ஒரு பிள்ளை. மூன்று இடமும் போயிற்று. இரண்டாவது பிள்ளை கரையில்தான். முறை வைத்து இழுங்கள். யார் முதலில் என்ற பஞ்சாயத்து உங்கள் பொறுப்பு.

அப்படியானால் நண்பர் சொல்வதுபோல் கழற்றி எறிந்துவிடலாமா? எனக்குச் சம்மதமில்லை. ஜூலை மாத சனிக்கிழமையில் சிம்கோ ஏரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திரும்புவதற்கு முன் பின்னால் எவன் வருகிறான் என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்காக உடம்பைத் திருப்பினால் கையும் கூடவே திரும்பும், கையோடு ஹேண்டிலும் திரும்பும். கண்ணாடி இருந்தால் முதலில் ஒரு பார்வை, அப்புறம் தலையைத் திருப்பி உறுதி செய்துகொள்ளலாம்.

கூடு நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். பிறகு ஜோடியை எதற்கு வாங்குவது? உள்ளே இருக்கும் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். நானும் அதைத்தான் செய்தேன், இரண்டு முறை. ஏன் இரண்டு முறை என்பதைச் சொல்கிறேன்.

உடைந்த சில்லுகளை எடுக்கும் முன் மேலே குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிவிடுங்கள். தலைமுடி உலர்த்தும் மெஷினால் கூட்டை லேசாகச் சூடாக்கினால் பழைய பசை இளகும். கையுறை அவசியம். பிறகு ஒரு தாளைப் பள்ளத்தில் வைத்து விளிம்பை விரலால் அழுத்தித் தேய்த்தால் அச்சு கிடைத்துவிடும். அந்த அச்சுக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் கண்ணாடித் தகடு வாங்கி வெட்டுங்கள். கீறி ஒடிப்பதெல்லாம் நேர்கோட்டுக்குத்தான். வளைவுக்கு மெல்லிய ரம்பம் வேண்டும். முகப்பில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கடைசிவரை உரிக்காதீர்கள். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் சிறிதாகவே வெட்டுங்கள். வெயிலில் அக்ரிலிக் விரியும், இடம் இல்லாவிட்டால் நடுவில் புடைத்துக்கொள்ளும்.

இனி பசை. முதல் முறை கராஜில் கிடந்த சிலிக்கோனைப் பிதுக்கி ஒட்டினேன். குப்பென்று வினிகர் வாடை. அது அசெட்டிக் அமில வகை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தக் கோடை முடிவதற்குள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், பாட்டி வீட்டு அலமாரிக் கண்ணாடியில் இருக்குமே, அதேபோல. அமிலம் பின்பூச்சைத் தின்றுவிட்டது. கடையில் ‘நியூட்ரல் க்யூர்’ என்று எழுதியிருக்கும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். வாடையிலேயே வித்தியாசம் தெரியும்.

பசை காய்வதற்குள் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். ட்ரெய்லரைச் சமமாக நிறுத்திவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மனைவியைத் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்பதடி பின்னால் நிற்கச் சொன்னேன். துடைப்பம் கண்ணாடியின் நடுவில் தெரியும்வரை தகட்டின் ஒரு மூலைக்கு அடியில் அட்டைத் துண்டு செருகினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு குறை உண்டு. தட்டையான தகடு குவிகண்ணாடி அளவுக்கு அகலமாகக் காட்டாது, ஆனால் தூரத்தை உள்ளபடி காட்டும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு என்று இருந்தால் ஒரே படகு ஒன்றில் பக்கத்திலும் இன்னொன்றில் எட்டத்திலும் தெரிந்து குழப்பும். உங்கள் இடப்பக்கம் குவிகண்ணாடி என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். காருக்கு ஒட்டும் குட்டி வட்டக் கண்ணாடியைப் பலர் சொல்வார்கள். அலையில் குலுங்கும்போது அதில் ஒன்றும் தெரியாது.

கூட்டையே கழற்ற வேண்டி வந்தால் வேறு கதை. என் வண்டியில் முன்பெட்டி மூடியைத் திறந்து உள்ளிருந்து நட்டைக் கழற்ற வேண்டும். முதல் நட்டு கைநழுவி வண்டியின் அடிவயிற்றுக்குள் போய்விட்டது. கயிற்றில் காந்தம் கட்டி அரை மணி நேரம் துழாவினேன். துருப்பிடிக்காத அந்த ஸ்டீலில் காந்தம் ஒட்டாது என்று பிறகுதான் புத்திக்கு எட்டியது. அடுத்த நட்டுக்குக் கீழே ஒரு பழைய லுங்கியை விரித்துக்கொண்டேன். திரும்பப் பூட்டும்போது திருகு இளகாமல் இருக்க ஊற்றும் திரவத்தைப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சில பிளாஸ்டிக் அதில் நனைந்தால் விரிசல் விட்டுவிடும். நைலான் வளையம் வைத்த நட்டே போதும். அதையும் ஸ்பேனரால் மெதுவாக, கூடு ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

பழைய கூடு வாங்கியே தீர வேண்டுமென்றால் வண்டியின் பின்பக்கம் பொறித்திருக்கும் 12 எழுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. ‘வலது’ என்பது ஓட்டுபவர் உட்கார்ந்து பார்க்கும் வலது. முன்னால் நின்று கைகாட்டி, இடப்பக்கக் கூட்டோடு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பசை வைக்கும்போது அதில் ஒரு தீக்குச்சியைச் செருகிவையுங்கள், காய்ந்ததும் உருவிவிடலாம்.