ஆஸ்திரேலியாவில் 494 விசா வேலை: "ஆர்.சி.பி. சரிபார்த்துவிட்டது" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பலாமா?

கேட்டவர் நிலைமை இது: ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊர் ஒர்க்‌ஷாப்பில் டீசல் மெக்கானிக் வேலை, 494 விசா (பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வேலைக்கு முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக விசா). ஆர்.சி.பி. என்ற வட்டாரச் சான்றளிப்பு அமைப்பே வேலையைச் சரிபார்த்துவிட்டதாம், அதனால் ஸ்பான்சருக்காகத் தைரியமாக 15 லட்சம் ரூபாய் கட்டலாமாம் என்கிறார் ஏஜென்ட்.

கட்டாதீர்கள். ஸ்பான்சர் செய்வதற்கென்று பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பரிலிருந்து அங்கே சட்டவிரோதம். வாங்கியவரோடு கொடுத்தவரும் மாட்டுவார், விசாவே ரத்தாகலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் தன் வேலைக்குக் கட்டணம் வாங்குவது வேறு. கம்பெனி அரசுக்குக் கட்டும் பயிற்சி நிதி (சிறு நிறுவனத்துக்கு 3,000 டாலர், பெரியதற்கு 5,000) முழுக்க முதலாளி பொறுப்பு. அதை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

இனி ஆர்.சி.பி. விஷயத்துக்கு வருவோம். நாமக்கல்லில் ஒன்பது வருடம் லாரிப் பட்டறையில் இருந்துவிட்டு 2022 கடைசியில் டப்போவுக்கு வந்தவன் நான். சிட்னியிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உள்ளே, மூன்று நெடுஞ்சாலைகள் சந்திக்கிற ஊர். லாரிக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் எந்நாளும் வேலை இருக்கும். முதலில் எனக்கு வந்த ஒப்பந்தத்தில் வருடச் சம்பளம் 58,000 டாலர். ஸ்பான்சர் விசாவுக்கு அரசு வைத்த அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 53,900 என்பதால் நல்ல சம்பளம் என்றே நினைத்தேன்.

494-க்கு முதலாளி நாமினேஷன் (இந்த வேலைக்கு இவரை எடுக்கிறேன் என்ற விண்ணப்பம்) போடும்போது அந்த வட்டாரத்துக்கு உரிய ஆர்.சி.பி.யின் கருத்தும் வேண்டும். சில இடங்களில் வட்டார வளர்ச்சி அமைப்பு, சில இடங்களில் மாநில அரசுத் துறையே அந்த வேலையைச் செய்யும். அவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: இதே வேலையை இதே ஊரில் செய்யும் ஆஸ்திரேலியருக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் இவருக்கும் கிடைக்குமா? என் விஷயத்தில் அதே ஷெட்டில் வேலை செய்த உள்ளூர் மெக்கானிக்கின் பேஸ்லிப்பை (சம்பளச் சீட்டை) கேட்டிருக்கிறார்கள். அவருக்கு 66,000. ஏன் இந்த வித்தியாசம் என்று ஓனருக்குக் கடிதம் போனது. இரண்டு வாரத்தில் எனக்குத் திருத்திய ஒப்பந்தம் வந்தது: 58-ஐப் பேனாவால் அடித்து மேலே 66 என்று எழுதி, ஓரத்தில் ஓனரின் சுருக்கக் கையெழுத்து. முகம் தெரியாத யாரோ ஒருவர் கவனமாகப் படித்ததால் எனக்கு வருடம் 8,000 டாலர் கிடைத்தது. அந்த நன்றி இன்றும் உண்டு.

ஆனால் அது காகிதத்தைப் பார்க்கும் சோதனை. அவர்கள் ஷெட்டுக்கு வந்து நின்று பார்ப்பதில்லை, கடைசி முடிவும் குடிவரவுத் துறையுடையது. என் முதல் அறுவடை சீசனில் வாரம் 55 மணி நேரம் வேலை. பேஸ்லிப்பில் 38 மணிதான் இருந்தது. 66,000-ஐ 55 மணிக்கு வகுத்துப் பாருங்கள், அந்த உள்ளூர்க்காரரின் கூலி வராது. நல்ல வேளை, வந்த நாள் முதல் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வண்டி நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தொழிலாளர் உரிமை பார்க்கும் ஃபேர் ஒர்க் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசி என் உரிமையைத் தெரிந்துகொண்டேன். பிறகு நோட்டோடு ஓனரிடம் போனேன். இரண்டு மாதத்தில் பாக்கி வந்தது.

விசா போய்விடுமோ என்ற பயத்தில்தான் நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. 2024 ஜூலையிலிருந்து வேலையை விட்டால் ஒரே தடவையில் 180 நாள் வரை, விசாக் காலம் முழுக்க மொத்தம் 365 நாள் வரை வேறு ஸ்பான்சர் தேட அவகாசம் உண்டு. முன்பு 90 நாள்தான். இது பெரிய மாற்றம், மனதில் வையுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். அரசு வைத்த குறைந்தபட்ச வருடச் சம்பளம் 2025 ஜூலை 1 முதல் 76,515 டாலர், ஜூலைதோறும் கூடும். இது சூப்பர் எனும் ஓய்வூதியப் பங்கைச் சேர்க்காத தொகை. சூப்பரைச் சேர்த்துப் பெரிதாகக் காட்டுவது பழைய வித்தை. எந்த ஆர்.சி.பி. கருத்துச் சொன்னது, அந்தக் கருத்துக் கடிதத்தின் நகல் கிடைக்குமா என்று ஏஜென்டிடம் அல்ல, கம்பெனியிடமே நேராக மெயிலில் கேளுங்கள். தர மறுத்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒப்பந்தத்தில் சம்பளம் பற்றிய வாசகத்தையும் வேலை நேரம் பற்றிய வாசகத்தையும் மட்டும், பெயர்களை நீக்கிவிட்டு, கமென்ட்டில் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.