ஜப்பானிய ராக்: எந்த பேண்டில் தொடங்குவது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வயசு 19. நருடோ அனிமேயின் ஓப்பனிங் பாட்டுகளைத் தாண்டி ஒண்ணும் கேட்டதில்லை. எங்கே ஆரம்பிக்க?

அந்த ஓப்பனிங்கிலேயே ஆரம்பியுங்கள் தம்பி. நருடோவின் இரண்டாவது ஓப்பனிங் ‘ஹருகா கனாதா’. பாடியது ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன், 1996இல் யோகோஹாமாவின் கான்டோ ககுயின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நால்வர். டிவியில் வருவது ஒன்றரை நிமிட வெட்டு. முழுப் பாட்டு ஏறக்குறைய நாலு நிமிடம், அதனால் பாதிக்கு மேல் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. முதலில் அதை முழுசாகக் கேளுங்கள்.

அடுத்து அவர்களுடைய ‘சோல்ஃபா’ ஆல்பம். இங்கே ஒரு குழி இருக்கிறது. 2004இல் வந்த அதே ஆல்பத்தை 2016இல் மொத்தமாக மறுபடி ரெக்கார்ட் செய்தார்கள். ஆப்பில் இரண்டும் கிடக்கும். வருஷத்தைப் பார்த்து 2004ஐ எடுங்கள். மறுபதிப்பு சுத்தமாக இருக்கும், ஆனால் முதல் பதிப்பில் குரல் கிழியும் இடங்களில்தான் அந்தப் பாட்டுகளுக்கு உயிர்.

கேள்வி: ‘போச்சி த ராக்’ அனிமே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்கும் ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷனுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. அதில் வரும் நாலு பெண்களின் குடும்பப் பெயர்கள் கோதோ, கிதா, யமாதா, இஜிச்சி. நாலும் இந்த பேண்டின் உறுப்பினர்களுடைய பெயர்கள். கதையில் வரும் லைவ் ஹவுஸும் (சின்னக் கச்சேரிக் கூடம்) டோக்கியோவின் ஷிமோகிதாசாவாவில் உள்ள ‘ஷெல்டர்’ என்ற நிஜ இடத்தைப் பார்த்து வரைந்ததுதான்.

கேள்வி: ஜிம்முக்குப் போகும்போது கேட்க, கொஞ்சம் கனமாக வேண்டும் ப்ரோ.

ஒன் ஓகே ராக். 2013இல் வந்த ‘ஜின்செய் போகு’ ஆல்பம் போதும். அதிலும் கனம் வேண்டுமென்றால் மேக்ஸிமம் த ஹார்மோன். டெத் நோட் அனிமேயின் இரண்டாவது ஓப்பனிங் அவர்களுடையது. கத்தலில் இருந்து பாப் மெட்டுக்கு ஒரே பாட்டில் நாலு தடவை தாவுவார்கள். பிடித்தால் ரொம்பப் பிடிக்கும், இல்லையென்றால் தலைவலி.

கேள்வி: மொழி புரியாமல் எப்படி ரசிப்பது?

மொழி குறுக்கே நிற்கிறது என்றால் ஹை-ஸ்டாண்டர்டின் 1999 ஆல்பம் ‘மேக்கிங் த ரோட்’ கேளுங்கள், பெரும்பாலும் ஆங்கில வரிகள். எல்லகார்டனும் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான்.

ஆனால் ஜப்பானிய வரிகளின் தாளம் தமிழ்க் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். அவர்களும் மாத்திரை எண்ணித்தான் பாடுகிறார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, நம் கணக்கேதான். முக்கிய வித்தியாசம், நமக்கு மெய் அரை மாத்திரை; அவர்களுக்குத் தனி ‘ன்’ முழு மாத்திரை. ‘ஷின்கன்சென்’ என்றால் ஷி-ன்-க-ன்-செ-ன் என்று ஆறு. பாடகர் அந்த ‘ன்’னுக்கும் தனியாக ஒரு ஸ்வரம் கொடுப்பார். கூடப் பாடும்போது நாம் அதை விழுங்கிவிடுகிறோம், அதனால்தான் வரி சீக்கிரம் முடிந்து முன்னே ஓடிவிடுகிறோம்.

கேள்வி: எல்லாப் பாட்டிலும் கோரஸ் வரும்போது ஒரு ஏக்கம் வருகிறதே, அது என்ன?

நல்ல காது உங்களுக்கு. ஜப்பானில் பாட்டை ஏ-மெலோ, பி-மெலோ, சாபி என்று பிரிப்பார்கள். சாபிதான் கோரஸ். பி-மெலோவில் டிரம்ஸைக் கொஞ்சம் அடக்கி வைத்துவிட்டு சாபியில் திறந்துவிடுவார்கள். அங்கே அடிக்கடி வரும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசைக்கு ‘ஓதோ ஷின்கோ’ என்று பெயர், ராஜபாட்டை மாதிரி. ஸி மேஜரில் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர். ஜி வந்ததும் காது வீட்டுக்கு, அதாவது ஸிக்குப் போகக் காத்திருக்கும். பாட்டு அங்கே போகாமல் ஈ மைனருக்குத் திரும்பும். கிட்டார் இருந்தால் கார்டுக்கு ஒரு பார் வீதம் வாசித்துப் பாருங்கள், உடனே பிடிபடும்.

கேள்வி: கிட்டாரில் ஆக்டேவ் (ஒரே ஸ்வரத்தைக் கீழும் மேலும் சேர்த்து) வாசித்தால் ஒரே இரைச்சல். ஏன்?

நடுக்கம்பி பேசுகிறது. ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், மூன்றாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டில் மோதிர விரல், இரண்டும் ஸி. ஆள்காட்டி விரலின் நுனி ஆறாம் கம்பியைத் தொட வேண்டும், அதன் அடிப்பக்கம் நாலாம் கம்பியின் மேல் சும்மா படுத்திருக்க வேண்டும். விரலைச் செங்குத்தாக நிறுத்தினால் இது நடக்காது. முதல் இரண்டு கம்பிகளையும் அதே விரல் சாய்ந்து அணைத்துக்கொள்ளும். மெட்ரோனோமை 100இல் வைத்து, சுத்தமாக வந்த பிறகு ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். டிஸ்டார்ஷன் கெய்னைப் பாதிக்குக் கீழே வையுங்கள்; கூட்டினால் தப்பு மறையும், ஆனால் இன்னொரு கிட்டாரும் சேரும்போது கூழாகிவிடும்.

கேள்வி: பழைய ஆட்கள்?

மூன்று பேர் போதும். த புளூ ஹார்ட்ஸ், 1987இன் ‘லிண்டா லிண்டா’. தீ மிஷெல் கன் எலிஃபன்ட், 1998இன் ‘கியர் ப்ளூஸ்’. ஃபுகுவோகாவிலிருந்து நம்பர் கேர்ள், டெலிகாஸ்டர் கிட்டார் கண்ணாடி உடைவது போல ஒலிக்கும். கடைசிப் பெயர் முதல் தடவை பிடிக்காது. ஒரு வாரம் விட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: ஜப்பான் போகிறேன். கச்சேரி பார்க்க என்ன செய்யணும்?

பெரிய பேண்டுகளின் டிக்கெட் குலுக்கல் முறை. பதிவு செய்யப் பெரும்பாலும் ஜப்பானிய ஃபோன் நம்பர் கேட்பார்கள், வெளிநாட்டுக்காரர் இங்கேதான் மாட்டுவார். அதனால் ஷிமோகிதாசாவா மாதிரி இடத்தில் சின்ன லைவ் ஹவுஸுக்குப் போங்கள். டிக்கெட்டுக்கு மேல் வாசலில் டிரிங்க் காசு தனி, சுமார் 600 யென், குடிக்காவிட்டாலும் கட்டணும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பையை லாக்கரில் போடுங்கள், ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். ஜூலை கடைசியில் நீகாதாவின் நாயெபா மலையில் நடக்கும் ஃபுஜி ராக் இசைத் திருவிழாவுக்குப் போவதென்றால் ரெயின்கோட்டும் நல்ல பூட்ஸும் கட்டாயம். மேடை முன்னால் குடை விரிக்க விடமாட்டார்கள்.