தங்க நானோதுகளின் உச்சம் அலைகிறதா? எடைபோடும் இடத்தைப் பாருங்கள்

வணக்கம். புதுச்சேரியில் புதிதாக நானோ ஒளியியல் குழு தொடங்கியிருக்கிறீர்கள். மூன்று மாணவர்கள் தங்க நானோதுகள்களை ஒரே செய்முறையில் செய்தும், உச்சம் (துகள்கள் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளம்) 519, 526, 534 நானோமீட்டர் என்று அலைகிறது என்கிறீர்கள். மாணவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். துகளுக்குத் தங்கம் தரும் சேர்மமான குளோரோஆரிக் அமிலம் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். கடற்காற்றில் ஆளுக்கொரு நாள் எடைபோட்டால், தண்ணீரையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறார்கள். தங்கத்தின் அளவு மாறினால் துகளின் அளவும், அதோடு உச்சமும் மாறும்.

1 கிராம் குப்பியைத் திறந்த அன்றே முழுவதையும் 100 மில்லியாகக் கரைத்துப் பழுப்பு பாட்டிலில் வையுங்கள். உலோகக் கரண்டி கூடவே கூடாது, அதன்மேலேயே தங்கம் படிந்துவிடும். குழு முழுவதற்கும் அந்த ஒரே பாட்டில்தான். அதில் 0.5 மில்லியை 49.5 மில்லி தூய நீரில் விட்டு, நன்றாகக் கொதிக்கும்போது தங்கத்தைத் துகளாக்கும் 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் கரைசல் 1 மில்லியை ஒரே மூச்சில் சேர்க்கச் சொல்லுங்கள். துகள் சுமார் 16 நானோமீட்டர், உச்சம் 520-ஐ ஒட்டி வரும். சிட்ரேட் 0.5 மில்லியாகக் குறைந்தால் துகள் 40-ஐத் தொட்டுவிடும். ஆகவே பிப்பெட்டையும் தராசில் சரிபாருங்கள்.

உறிஞ்சல் வரைபடத்தில் 600 நானோமீட்டருக்கு மேல் தோள் போன்ற புடைப்பு எழுந்தால் அது வேறு கோளாறு: உப்பால் துகள்கள் திரள்கின்றன. போர் தண்ணீரில் அலசிய கண்ணாடியை முதலில் சந்தேகப்படுங்கள். கண்ணாடியைக் கழுவ ராஜதிராவகத்தை (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) அவ்வப்போது புதிதாகக் கலந்து, புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். மூடிய பாட்டிலில் வைத்தால் வெடிக்கும்.