60 ரூபாய் கிறிஸ்துமஸ் அட்டை: கையால் வரைந்ததா, அச்சடித்ததா?

கேள்வி: ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச் வளாகத்தில் உள்ளூர் ஓவியர் ஒருவர் கிறிஸ்துமஸ் அட்டை விற்கிறாருங்க. தொழுவத்தில் காங்கேயம் காளை, பனைமரத்துக்கு மேல் நட்சத்திரம் என்று நம்ம ஊர்ப் படங்கள். ஒன்று 60 ரூபாய். ‘கையால் வரைந்தது’ என்று போர்டு இருக்கிறது. கொழுந்தனாரோ, “எல்லாம் பிரிண்டுதான் அண்ணி. ஒன்றை வாங்கி சிவகாசிக்கு அனுப்பினால் பாதி விலைக்கு அடித்துத் தருவார்கள்” என்கிறார். எனக்கு 50 அட்டை வேண்டும். என்ன செய்யட்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: பிரிண்டா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒரே படம் உள்ள இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காளையின் கொம்பு நுனியில் பிரஷ் சறுக்கிய இடம் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் அது பிரிண்ட். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது: ஆஃப்செட் அச்சில் நீலம், ரோஸ், மஞ்சள், கருப்புப் புள்ளிகள் கும்பலாகத் தெரியும். கையால் தீட்டிய வாட்டர்கலரில் புள்ளி இருக்காது. சாயம் ஓரத்தில் தேங்கிக் கொஞ்சம் அடர்ந்திருக்கும். விரலை நனைத்துத் தேய்த்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், அது அவர் விற்கிற சரக்கு!

பிரிண்ட் என்பதாலேயே ஏமாற்று ஆகிவிடாது. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டையே அச்சடித்து, மேலே கையால் வண்ணம் பூசியதுதான். ஆனால் பிரிண்டை ‘கையால் வரைந்தது’ என்று விற்பது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அது நேர்மையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தெரிந்த மனிதரிடம் அவ்வளவு தூரம் போவானேன்? “ஓவியம் உங்களுடையது, அட்டை பிரிண்ட் என்று போர்டில் எழுதிவிடுங்க” என்று சொன்னாலே போதும். அப்படி எழுதினாலும் கனமான அட்டை, உறை இரண்டும் சேர்த்து 60 ரூபாய் அநியாய விலை இல்லை என்பேன்.

கொழுந்தனார் யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அட்டையை வாங்கினால் அட்டைதான் உங்களுடையது, படம் அல்ல. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் ஆயுள் முழுக்கவும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை இருக்கிறது. அவர் அனுமதி இல்லாமல் அச்சடித்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

50 அட்டை என்பதால் தாராளமாக விலை குறைத்துக் கேளுங்கள். உள்ளே குடும்பப் பெயரையும் அச்சடித்துத் தரச் சொல்லலாம். முதலில் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பாதிப் பணம் கொடுத்து, தரவேண்டிய தேதியோடு துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி டிசம்பர் முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது, தபாலில் போய்ச் சேர வேண்டுமே.