சிரோசிஸ் உள்ளவரின் சின்னத் தடுமாற்றங்கள்: கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் குடும்பத்தினர் கேட்டவை. கல்லீரல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராகப் பதில் சொல்கிறேன். சிரோசிஸ் என்றால் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது.

கடலூர் முதுநகர்: அப்பாவுக்கு 58 வயது, சிரோசிஸ். டாக்டரிடம் தெளிவாகத்தான் பேசுகிறார். ஆனால் மீன் வியாபாரத்தில் மீதிச் சில்லறை தப்பிப் போகிறது. வயதாகிவிட்டதா?

வயதின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. கெட்டுப்போன கல்லீரலால் குடலிலிருந்து வரும் அமோனியா என்ற கழிவுப் பொருளைச் சரியாக அகற்ற முடியாது. அது மூளையைத் தொடும்போது முதலில் அடிபடுவது கவனமும் வேகமும். பேச்சு அப்படியே இருக்கும். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். அதனால் ஐந்து நிமிடப் பேச்சில் எங்களுக்குப் பிடிபடாது. வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். கணக்குத் தப்புவது, பகலில் தூங்கி இரவில் விழிப்பது, கையெழுத்து மாறுவது, காரணமில்லாத எரிச்சல், எல்லாவற்றையும் எழுதிக் கொண்டு வாருங்கள். சோடியம், சர்க்கரை குறைந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் இப்படி ஆகலாம். அதையும் பார்த்துவிட வேண்டும்.

வில்லியனூர்: இதற்கு என்ன டெஸ்ட்?

தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாக இணைப்பது, இரண்டு கோடுகளுக்கு நடுவே கோடு இழுப்பது என்று ஐந்து சிறு தேர்வுகள் சேர்ந்த தொகுப்பு ஒன்று உண்டு. இன்னும் எளியது: 60 நொடியில் எத்தனை விலங்குப் பெயர் சொல்கிறார் என்று எண்ணுவது. 15க்குக் கீழே போனால் சந்தேகம், 10க்குக் கீழே போனால் பலமான சந்தேகம். வயதையும் படிப்பையும் வைத்துத்தான் இதை முடிவு செய்வோம். வீட்டில் எண்ணிப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பண்ருட்டி: அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. எண்களை எப்படி இணைப்பார்?

நல்ல கேள்வி. அவருக்கு அந்தத் தேர்வு வைத்தால் தெரிவது படிப்பு, நோய் அல்ல. எண் தெரியாதவர்களுக்காகவே நம் நாட்டில் படங்களை இணைக்கும் தேர்வை உருவாக்கியிருக்கிறார்கள். அதைக் கேளுங்கள். படிப்பு எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கண்ணாடியும் எடுத்து வாருங்கள்.

நெல்லிக்குப்பம்: ரத்தத்தில் அமோனியா பார்த்தால் போதாதா?

போதாது. அளவு கூடியிருந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. குழப்பம் இருந்தும் அளவு சரியாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

லாஸ்பேட்டை: கணவர் தினமும் ஈசிஆரில் பைக் ஓட்டுகிறார்.

பரிசோதித்து முடிவு தெரியும்வரை நிறுத்தச் சொல்லுங்கள். பார்த்ததும் பிரேக் பிடிக்கும் அந்த வேகம்தான் இதில் குறைகிறது. தான் நன்றாக ஓட்டுவதாகவே அவர் நினைப்பார்.

பாகூர்: பருப்பு, முட்டை, மீனை நிறுத்தச் சொல்கிறார்கள். சிரப்பும் தந்திருக்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள்! உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. தசைதான் அமோனியாவைக் குறைக்கக் கைகொடுக்கிறது. தூங்கும் முன் சிறிதளவு சாப்பிடச் சொல்லுங்கள். லாக்டுலோஸ் சிரப் என்றால், தினம் 2 அல்லது 3 முறை இளக்கமாக மலம் போகும் அளவுக்குக் கொடுங்கள். அதற்கு மேல் போனால் உடலில் நீர் வற்றி மயக்கம் கூடும். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

சிதம்பரம்: எப்போது உடனே ஓட வேண்டும்?

நீட்டிய கை படபடவென்று தளர்ந்து விழுந்தால், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டால், ஊர் பெயர் மறந்தால், மலம் கறுப்பாகப் போனால், காய்ச்சல் இருந்தால். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.